நீதிபதி கழித்த ஒரு வருடம்

வெள்ளைக்காரர்கள் எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவது மெர்வினின் பழக்கம். அவருக்கு மட்டுமல்ல, பாலைவனத்து ஆதிக்குடிகளின் ஊரான யலபிரியில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம்தான். கையில் காகிதம் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவரிடம் ‘இல்லை’ என்று சொல்லிப் பாருங்கள். அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு, புரட்டிப் போட்டு, இன்னும் பத்துத் தடவை கேட்பார். ‘ஆமாம்’ என்றால் எழுதிக்கொண்டு போய்விடுவார். வெயிலில் நிற்கிற நேரமாவது மிச்சம்.

அந்தப் பழக்கம் அவருடைய இடது கையைத் தின்றுவிட்டது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் வந்து, “உங்களுக்கு வலக்கைப் பழக்கம்தானே?” என்று கேட்டார். “ஆமாம்,” என்றார் மெர்வின். பயன்படாத கை என்று நம்பி இடது கையைக் கிழித்து, இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷினுக்கு ரத்தம் ஓடுவதற்கான வழி அது. தோலுக்கு அடியில் விரல் தடிமனுக்குப் புடைத்துக்கொண்டு, தொட்டால் தேனீக் கூடு மாதிரி ரீங்கரிக்கும். அந்தக் கையால் கனமானதைத் தூக்கக் கூடாது, வெடுக்கென்று வீசக் கூடாது, கிழிந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று நர்ஸ் சொன்னபோதும் மெர்வின் “ஆமாம்” என்றுதான் சொன்னார்.

பிறந்ததிலிருந்து அவர் இடக்கைக்காரர். ஈட்டி எறிந்ததெல்லாம் அந்தக் கையால்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவருடைய தங்கை டோரீன் ரொட்டியும் மாட்டு விலா எலும்பும் வாங்கிக்கொண்டு வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நெருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“நாளைக்கு விடறாங்கண்ணே,” என்றாள். “காலையில பத்து மணிக்கு.”

“சனிக்கிழமைன்னு ஊருக்குச் சொல்லியாச்சா?”

“எல்லாருக்கும் தெரியும். அவரோட ஆளுங்க முந்தாநாளே வந்து ஓவல் மைதானம் பக்கத்துல கூடாரம் போட்டுட்டாங்க.”

விடுதலையாகிறவன் ஐவன். டோரீனின் புருஷன். மூன்று வருடங்களுக்கு முன் விளையாட்டுப் போட்டி முடிந்து திரும்பி வருகையில் குடித்துவிட்டு வண்டியை ஓட்டி, மணல் திருப்பத்தில் மூன்று குட்டிக்கரணம் அடிக்க வைத்தவன். ஐவனுக்குக் கை ஒடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் செத்துப்போனான். செத்தவன் மெர்வினுக்கும் டோரீனுக்கும் தம்பி. அவன் பெயரை இங்கே சொல்ல முடியாது. செத்தவர் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. அதே பெயர் வைத்திருந்த கடைக்காரர்கூட அன்றிலிருந்து தன் பெயரை மாற்றிக்கொண்டார்.

புருஷனால் தம்பியை இழந்தவள் எந்தப் பக்கம் உட்கார்ந்து அழுவாள்? தம்பி வீட்டார் பக்கம் போனால் கொலைகாரன் பெண்டாட்டி. புருஷன் வீட்டார் பக்கம் போனால் அவர்களுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சம். கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று அண்ணனோடு டவுனுக்கு வந்துவிட்டாள். மெஷின் நாட்களில் அவரை வண்டி ஏற்றி அனுப்புவதும் சோறு பார்ப்பதும் அவள்தான்.

ஊர் முறைப்படி, விபத்து நடந்த மறுநாளே ஐவன் ஓவலில் வந்து நின்றிருக்க வேண்டும். தம்பிக்கு மூத்தவர் என்ற முறையில் மெர்வின் அவன் தொடையில் ஈட்டி எறிந்திருப்பார். ரத்தத்தைப் பார்த்திருப்பார்கள், இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள், ஒரு வாரத்தில் ஊர் பழையபடி ஆகியிருக்கும். ஆனால் போலீஸ் வண்டி முந்திக்கொண்டது. வக்கீல் கோர்ட்டில் கெஞ்சினார். இரண்டு நாள் ஜாமீன் கொடுங்கள், போய் நின்றுவிட்டு வந்துவிடுவான் என்றார். அடிபடுவதற்கென்று ஒரு மனிதனைச் சட்டமே அனுப்பிவைக்க முடியாது என்று நீதிபதி மறுத்துவிட்டார்.

தீர்ப்புச் சொல்கிற அன்று மெர்வினைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி வயசான மனிதர், நல்லவர்தான். ஆனால் தம்பியின் பெயரைப் பதினொரு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் மெர்வினுக்கு நெஞ்சில் யாரோ குத்தியது போல் இருந்தது.

“இவர் வெளியே வந்ததும் உங்கள் முறைப்படி தண்டனை உண்டா?”

“ஆமாம்.”

“நீங்கள்தான் அதைச் செய்வீர்களா?”

“ஆமாம்.”

“காலில் மட்டும்தானா?”

“ஆமாம்.”

“அதோடு இரு குடும்பத்துக்கும் பகை தீருமா?”

“ஆமாம்.”

ஆயுளில் ஆயிரம் ஆமாம் சொன்னவர், யோசித்துச் சொன்னவை அந்த நான்குதான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு குற்றத்துக்கு ஒரு மனிதன் இரண்டு தடவை அனுபவிக்கப் போகிறான், அதைப் பார்க்காத மாதிரி நான் இருக்க முடியாது என்றார். நான்கு வருடத்தில் ஒரு வருடத்தைக் கழித்தார். அதற்காக யாரும் யாரையும் ஈட்டியால் குத்தலாம் என்று நான் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். எறி என்கிறாரா, எறியாதே என்கிறாரா என்று மெர்வினுக்கு விளங்கவில்லை. ஆனால் தன் வாய்ச்சொல்லை நம்பி ஒருவர் ஒரு வருடத்தைத் தூக்கிக் கொடுத்தார் என்பது மட்டும் விளங்கியது. அப்போது அவருடைய கை நன்றாக இருந்தது.

“அண்ணே,” என்றாள் டோரீன். “அவரை இங்க வராதே, தெற்கே எங்கயாவது போயிடுன்னு சொல்லிடவா?”

“போனா அவங்கம்மாவை யாரு பாப்பா? அவனுக்குப் பதிலா அவன் தம்பிங்களை எவனாவது பிடிச்சு வெளுப்பான். அவன் எங்கே போனாலும் அங்கே நம்ம ஆளுங்க ரெண்டு பேர் இருப்பாங்க.” எலும்பைக் கீழே வைத்தார். “அதுவும் இல்லாம நான் சொன்னேனே. அத்தனை பேரு முன்னாடி.”

“கையில்லாம என்னத்தை எறிவே?”

“இன்னொரு கை இருக்குல்ல.”

இருட்டுவதற்குள் எழுந்து போய், வறண்டு கிடந்த ஆற்று மணலில் ஓர் அட்டைப்பெட்டியை நிறுத்தி, இருபது தப்படி தள்ளி நின்று, வலது கையால் எறிந்து பார்த்தார். முதல் ஈட்டி மணலில் குத்திக்கொண்டது. இரண்டாவது ஒரு மரத்தில் பட்டுத் தெறித்தது. மூன்றாவது எங்கே போனது என்றே தெரியவில்லை. அங்கே படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“டைரோன் எறியறேங்கறான்,” என்றாள்.

மெர்வின் மணலில் குத்தியிருந்த ஈட்டியைப் பிடுங்கினார். டைரோன் அவருடைய பெரியப்பா மகனின் பையன். இருபத்தாறு வயசு, கால்பந்தில் ஊரின் முதல் ஆள், ஓடுகிற கங்காருவை எறிந்து விழுத்துகிற கை. செத்தவனோடு ஒரே போர்வையில் வளர்ந்தவன். தொடையின் வெளிப்பக்கம் எறிந்தால் சதை, ஒரு மாதத்தில் ஆறும். உள்பக்கம் பட்டால் பெரிய ரத்தக் குழாய், க்ளினிக்குக்குத் தூக்கிப் போவதற்குள் ஆள் காலி. டைரோன் எந்தப் பக்கம் எறிவான் என்பது ஊருக்கே தெரியும். மூன்று வருடமாக அவன் அதைக் குடித்தபோதும் சொன்னான், குடிக்காதபோதும் சொன்னான்.

மெர்வின் எறியாவிட்டால் டைரோன் எறிவான். எறிந்தால் ஐவன் பிழைக்க மாட்டான். பிறகு ஐவனின் ஆட்கள் டைரோனைத் தேடுவார்கள். டோரீன் இன்னொரு தடவை எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நிற்பாள்.

வெள்ளிக்கிழமை மெஷினில் ஐந்து மணி நேரம் படுத்துவிட்டு, சனிக்கிழமை விடியும்போதே கிளம்பினார்கள். முந்நூறு கிலோமீட்டர் செம்மண் சாலை. தங்கை வண்டி ஓட்ட, மெர்வின் வலது கையைத் திறந்து மூடி, திறந்து மூடி வந்தார். திங்கட்கிழமை காலையில் திரும்ப மெஷினுக்கு வந்தாக வேண்டும்.

ஓவலின் ஒரு பக்கம் மெர்வினின் ஆட்கள், எதிர்ப்பக்கம் ஐவனின் ஆட்கள். போலீஸ் சார்ஜெண்ட் தன் வண்டியைக் கடை வாசலில் ஓவலுக்கு முதுகு காட்டி நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து இறைச்சி பன் தின்றுகொண்டிருந்தார். கடைச் சுவரில் அவருக்கு அன்று ஏதோ முக்கியமான விசாரணை இருந்தது. க்ளினிக் நர்ஸ் மட்டும் மறைக்காமல் கட்டுத்துணிப் பெட்டியோடு வேலி ஓரத்தில் வந்து நின்றாள்.

ஐவன் கோல் கம்பத்துக்குக் கீழே இருந்து நடந்து வந்தான். சிறையில் தலை நரைத்திருந்தது. அரைக்கால் சட்டை, சட்டையில்லாத உடம்பு. நடுவில் வந்து, இடது காலை முன்வைத்து நின்றான். அவனுடைய அம்மா பின்னால் உட்கார்ந்து கல்லால் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“நல்லா தின்னு கொழுத்துட்டு வந்திருக்கான் பாரு!” என்று டைரோன் கத்தினான். “அரசாங்கச் சோறு ருசியா இருந்துச்சாடா?”

ஐவன் தலையைத் தூக்கவில்லை.

மெர்வின் மூன்று ஈட்டிகளை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். பழக்க தோஷத்தில் முதல் ஈட்டி இடது கைக்குப் போய்விட்டது. கை ரீங்கரித்தது. மாற்றி வலது கையில் பிடித்தார். எதிரே ஐவன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். இருவரும் முப்பது வருடம் ஒன்றாக வேட்டைக்குப் போனவர்கள். மச்சான் எந்தக் கைக்காரர் என்று அவனுக்குத் தெரியாதா?

முதல் ஈட்டி ஐவனுக்குப் பத்தடி முன்னால் தரையில் சரிந்து விழுந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மெர்வினுக்கு முகம் எரிந்தது. தம்பிக்காக ஒரே ஒரு வேலை. அதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடு இரண்டாவதை எறிந்தார்.

அது காலுக்குப் போகவில்லை. ஐவனின் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளிச் சீறிக்கொண்டு போனது. பெண்கள் அலறினார்கள். ஐவனின் தம்பிகள் பூமராங் வளைதடிகளோடு எழுந்தார்கள். ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால், கோர்ட்டில் சொன்ன நான்கு ஆமாமும் பொய்.

டைரோன் ஓடிவந்து மூன்றாவது ஈட்டியைப் பிடித்தான். “குடு பெரியப்பா. உன்னால முடியல. ஊரே சிரிக்குது.”

“விடுடா.”

“அவனுக்குப் பாவம் பாத்துத்தான் தப்பா எறியறியா? செத்தது உன் தம்பிதானே?”

மெர்வின் அவனை உதறினார். ஈட்டியை இடது கைக்கு மாற்றினார். விரல்கள் தாமாகவே அவற்றின் இடத்தில் போய் உட்கார்ந்தன. இந்தக் கை தப்பாது. தொடையின் வெளிப்பக்கம், முழங்காலுக்கு ஒன்றரைச் சாண் மேலே, கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் அங்கேதான் போகும். கிழிந்தால் கிழியட்டும். கையைப் பின்னால் இழுத்தார்.

“அண்ணே, அந்தக் கை வேணாம்!” டோரீன் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வந்து கத்தினாள். “மெஷின் கை அது! பிச்சுக்கிட்டா செத்துருவே! ஒருத்தன் போனது பத்தாதா?”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். புடைத்து நெளிந்த அந்தக் கையை ஊர் அப்போதுதான் சரியாகப் பார்த்தது. டைரோன்கூட ஓர் அடி பின்வாங்கினான்.

அப்போது ஐவன் நகர்ந்தான்.

தண்டனைக்கு நிற்கிறவன் நகரக் கூடாது. பின்னால் ஓடினால் கோழை, பக்கத்தில் விலகினால் தந்திரக்காரன், இரண்டுக்கும் உயிரோடு விடமாட்டார்கள். ஆனால் ஐவன் முன்னால் வந்தான். ஈட்டியை நோக்கி நேராக, அவசரமில்லாமல், கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டபடி நடந்து வந்தான். முன்னால் வருகிறவனை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஓரத்தில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மெர்வினுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றான். பக்கத்தில் அவன் இன்னும் கிழவனாகத் தெரிந்தான்.

“வலது கையில பிடி மச்சான்,” என்றான் மெதுவாக.

மெர்வின் மாற்றிப் பிடித்தார். ஐவன் குனிந்து ஈட்டி முனையைத் தன் விரல்களால் பிடித்து, தன் தொடையில் கொண்டுவந்து வைத்தான்.

“இங்கயா?”

“இன்னும் கொஞ்சம் வெளிய.”

“இங்க?”

“ஆமாம்,” என்றார் மெர்வின்.

“நான் அவனை இறங்குன்னு சொல்லியிருக்கணும் மச்சான். நீயாவது நடந்து போடான்னு சொல்லியிருக்கணும். ஒவ்வொரு நாளும் அதையே நினைக்கறேன்.”

“பேசாதே மாப்ளே,” என்றார் மெர்வின். கண் மறைத்தது. உடம்பின் பாரத்தையெல்லாம் வலது கைமேல் போட்டுத் தள்ளினார்.

ஈட்டி உள்ளே போயிற்று. ஐவன் கத்தவில்லை. மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு, கீழே விழாமல் இருக்க மெர்வினின் தோளைப் பிடித்துக்கொண்டான். வலது தோளை. இடது பக்கத்தைத் தொடாமல் கவனமாக இருந்தான். ரத்தம் முழங்காலைத் தாண்டி வழிந்து செம்மண்ணில் சொட்டியது. எல்லாரும் பார்த்தார்கள்.

“இது எறிஞ்சதா?” டைரோனின் குரல் உடைந்திருந்தது. “இதெல்லாம் கணக்காயிடுமா?”

மெர்வின் ஈட்டியை உருவிக் கீழே போட்டார். “செத்தவனுக்கு அண்ணன் நான். நான் சொல்றேன், முடிஞ்சுது. யாருக்காவது ஆகலைன்னா இப்பவே வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.”

யாரும் வரவில்லை. டைரோன் மட்டும் வந்தான். கையிலிருந்த பூமராங்கைத் தரையில் ஓங்கி அடித்தான். அது இரண்டாக உடைந்தது. பிறகு ஐவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வண்டி கவிழ்ந்த அன்றைக்கு அழுதிருக்க வேண்டிய அழுகையை அழுதான். அதற்குள் நர்ஸ் வேலியைத் தாண்டி ஓடிவந்துவிட்டாள். டோரீன் புருஷனின் காலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஐவனின் அம்மாவும் மெர்வினின் அத்தைகளும் அவளைச் சுற்றி, ஒரே பக்கமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் மெர்வின் மெஷினில் இருந்தார். இடது கையில் இரண்டு ஊசி. பக்கத்து நாற்காலியில் ஐவன் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு தூங்கினான். காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தவன், மச்சானுக்குத் துணைக்கு இருக்கிறேன் என்று உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான். கோர்ட்டுக்குப் பிறகு இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது அதுதான் முதல் தடவை.

விடுதலையான கைதிகளைக் கவனிக்கிற அதிகாரி லோரெய்ன் காகிதத்தோடு வந்தாள். நீதிபதிக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமாம்.

“சனிக்கிழமை அந்த விஷயம் நடந்ததா?”

“ஆமாம்.”

“நீங்களே செய்தீர்களா?”

“ஆமாம்.”

“இரண்டு குடும்பத்துக்கும் இப்போது தீர்ந்ததா?”

மெர்வின் ஐவனைப் பார்த்தார். “ஆமாம்,” என்றார்.

லோரெய்ன் எழுதினாள். எழுதி முடித்துக் காகிதத்தை மடித்தவள், அதில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். “உங்களுக்கு? உங்களுக்கும் தீர்ந்ததா?”

ஆமாம் சொல்ல வாயைத் திறந்தார். அது வரவில்லை.

மூன்று வருடமாகத் தம்பிக்குச் செய்ய ஒரு வேலை பாக்கி இருந்தது. மெஷினில் படுத்திருந்த நாளெல்லாம் அந்த வேலை அவரைப் படுத்துவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அது இருந்தவரை தம்பி எங்கோ கொஞ்சம் மிச்சம் இருந்தான். இப்போது செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. தம்பி செத்துப்போய்விட்டான். சனிக்கிழமைதான் செத்தது போல் இருந்தது.

“இல்ல,” என்றார்.

கையில் காகிதம் வைத்திருக்கிற ஒருவரிடம் அவர் அந்த வார்த்தையைச் சொல்வது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, அடுத்து வரப்போகிற பத்துக் கேள்விக்காகக் காத்திருந்தார். லோரெய்ன் பேனாவை மூடினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மெர்வின் வலது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.